பழைய மருந்து, புதிய பயன்: நீரிழிவு மருந்துகளும் மனச்சிதைவு நோயும்



ஒரு நோய்க்கென உருவாக்கப்பட்ட மருந்து மற்றொரு நோய்க்கும் பயன்படுவது மருத்துவ வரலாற்றில் புதுமையன்று. நீரிழிவு நோய்க்கு வழங்கப்படும் மருந்துகள் மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர்களுக்கும் உதவக்கூடுமா என்பது இன்று பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. இது மருத்துவர்கள் மட்டுமே பேசித் தீர்க்க வேண்டிய பொருள் என்று தோன்றலாம். ஆனால் இந்த ஆய்வுக்கு யார் செலவிடுவது, மருந்தை யார் வாங்கி வழங்குவது, பயன் விளைந்ததா என்று யார் கணக்கிடுவது ஆகிய மூன்று வினாக்களும் பொருளாதாரத்தையும் நிர்வாகத்தையும் சார்ந்தவை. ஆகவே, பொருளாதாரம் பயிலும் மாணவர்களும் நலத்துறை அலுவலர்களும் இதைத் தம் பொருளாகவே கருதுவது தகும்.

இவ்வட்டாரத்தின் நிலை

காஞ்சிரங்குளமும் பாறசாலையும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த ஊர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிர்வாகத்தைப் பிரித்ததே அன்றி, மக்களின் உணவையும் உறவையும் நோயையும் பிரிக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு நோய்க்கு ஆளாகியுள்ளனர். கேரளத்தில் இது 25.5 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவர். எழுத்தறிவிலும் குழந்தை நலத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இந்நோயிலும் முன்னணியில் நிற்பது திட்டமிடுவோர் ஆழ்ந்து நோக்க வேண்டியதாகும்.

மனச்சிதைவு நோய் இவ்வளவு பரவலானதன்று. எனினும் உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாகியுள்ளனர். பெரும்பாலும் வாலிபப் பருவத்தில் தொடங்கும் இந்நோய், படிப்பையும் பிழைப்பையும் ஒருசேரப் பறிக்கிறது. 2015-16ஆம் ஆண்டுகளில் கேரளமும் தமிழகமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் பெங்களூர் தேசிய மனநல நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு, மனப்பிறழ்வு நோய்களுக்கு ஆளானோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் சிகிச்சை பெறாதிருப்பதைக் காட்டியது. சிகிச்சை பெறுவோரும் முழு ஆயுள் வாழ்வதில்லை. கடும் மனநோய்க்கு ஆளானவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்விறப்புகளில் பெரும்பகுதிக்கு மனநோய் நேரடிக் காரணம் அன்று. இதய நோயும் நீரிழிவும் போன்ற உடல்நோய்களே காரணம்.

இரு நோய்களின் உறவு

நீரிழிவுக்கும் மனநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் பழமையானது. சித்தப்பிரமை காணப்படும் குடும்பங்களில் நீரிழிவும் மிகுந்து காணப்படுவதை, ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879இலேயே குறித்து வைத்தார். அன்று மனநோய்க்கு இன்றைய மருந்துகள் எவையும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அண்மைக் காலத்தில், மருந்து எதுவும் உட்கொள்ளத் தொடங்காத புதிய நோயாளிகளைப் பரிசோதித்தபோதும் அவர்களில் பலருக்கு இன்சுலின் சரிவரச் செயற்படாதிருப்பது தெரிந்தது. 2017இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கிய அறிஞர்களும் இதே முடிவுக்கு வந்தனர்.

இத்துடன் மருந்துகளின் பக்க விளைவும் சேர்ந்துகொள்கிறது. குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகள் மனச்சிதைவு நோயைக் கட்டுப்படுத்துவதில் வல்லவை. அவையே உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் மிகுதியாகக் கூட்டுபவை. இவ்வகை மருந்துகளின் உறைகளில் நீரிழிவு பற்றிய எச்சரிக்கையை அச்சிட வேண்டுமென 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணையிட்டது. குரல்கள் கேட்பது நின்று மனம் தெளிந்த இளைஞர் ஒருவர், சில மாதங்களில் எடை பெருகியதைக் கண்டு வெறுத்து மாத்திரையை நிறுத்திவிடுவதும், நோய் மீண்டும் தாக்குவதும் மனநல மருத்துவர்கள் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து மற்றொரு நோயை விலையாகக் கேட்கிறது.

இன்சுலின் கற்பித்த பாடம்

நீரிழிவு மருந்தை மனச்சிதைவு நோய்க்குப் பயன்படுத்தும் முயற்சி இது முதன்முறையன்று. 1921-22இல் கனடாவின் டொரோண்டோ நகரில் கண்டறியப்பட்ட இன்சுலின், பத்தாண்டுகள் கழித்து மனநல மருத்துவமனைகளுக்குள்ளும் நுழைந்தது. வியன்னாவைச் சேர்ந்த மான்பிரெட் சாக்கெல் என்ற மருத்துவர், நோயாளிக்கு இன்சுலினை மிகுதியாகச் செலுத்தி, சர்க்கரையைக் குறைத்து, அவரை நினைவிழக்கச் செய்து, பின்னர் சர்க்கரை கொடுத்து எழுப்பும் முறையை 1933இல் வெளியிட்டார். வாரத்தில் பல நாட்கள், பல வாரங்கள் இது தொடர்ந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளின் மனநல மருத்துவமனைகள் இம்முறையைக் கையாண்டன. சிலர் நினைவு திரும்பாமலேயே இறந்தனர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே இதன் பயனை ஐயுறும் குரல் வலுப்பெற்றது. 1953இல் ஹெரால்ட் போர்ன் என்ற இளம் மருத்துவர் இம்முறைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். 1957இல் லண்டனில் ஓர் ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு இன்சுலினாலும், மற்றப் பகுதியினருக்கு வேறொரு தூக்க மருந்தாலும் நினைவிழப்பு உண்டாக்கப்பட்டது. இரு பகுதியினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. நோயாளிகள் தேறியதற்கு இன்சுலினைவிட, அவர்களைச் சுற்றி இருந்த செவிலியரின் இடைவிடாத கவனிப்பே காரணமாக இருந்திருக்கலாம். இம்முறை மெல்ல மறைந்தது.

சாக்கெலின் நோக்கம் நல்லது. மருத்துவர்களின் உழைப்பும் பெரிது. ஆயினும் ஒப்பிட்டுச் சோதிக்காத சிகிச்சை ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. இன்று நீரிழிவு மருந்துகள் பற்றிப் புதிய நம்பிக்கை எழும் வேளையில் இவ்வரலாற்றை மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் மருந்துகள் இடம் மாறிய வரலாறு உண்டு. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் சர்ப்பகந்தி வேரை இரத்தக் கொதிப்புக்கும் சித்தப்பிரமைக்கும் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் இரத்தக் கொதிப்புப் பயனை உலகறியச் செய்தார். 1952இல் அதன் சாரமான ரிசர்பின் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. வேர் இந்தியாவினுடையது, அதன் முதல் மருத்துவப் பதிவும் இந்தியாவினுடையது, சாரத்தைப் பிரித்து வணிகப் பொருளாக்கியது அயல்நாட்டு நிறுவனம்.

மெட்பார்மின் என்னும் எளிய மாத்திரை

இன்றைய ஆய்வுகளில் முதலிடம் பெறுவது மெட்பார்மின். ஐரோப்பியச் செடி ஒன்றின் வேதிப்பொருளை ஒட்டி உருவான இம்மருந்தை, 1957இல் பிரான்சின் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவு நோய்க்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியிடுவதை இது குறைக்கிறது. தனித்துக் கொடுக்கும்போது சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்துவது அரிது. காப்புரிமைக் காலம் கடந்த மருந்தாதலால் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன; விலையும் குறைவு.

மனநோய் மருந்துகளால் ஏறும் எடையை இது குறைக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் உண்டு. 2008இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில், மனச்சிதைவு நோய்க்கு முதன்முறையாகச் சிகிச்சை பெற்று எடை கூடிய 128 பேர் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 12 வாரங்களின் முடிவில், போலி மாத்திரை பெற்றோரின் எடை 3.1 கிலோ கூடியது. உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் மட்டும் மாற்றம் செய்தோர் 1.4 கிலோவும், மெட்பார்மின் மட்டும் பெற்றோர் 3.2 கிலோவும், இரண்டையும் பெற்றோர் 4.7 கிலோவும் குறைந்தனர். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 16 வாரங்களில் மெட்பார்மின் பெற்றோர் 3 கிலோவும் மற்றவர்கள் 1 கிலோவும் குறைந்தனர். பயன் பெரிதன்று, ஆனால் உண்மையானது.

நீரிழிவு வருவதையே தடுக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு என்பதைச் சென்னை ஆய்வு ஒன்று காட்டியது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நோய்க்கு ஆளாயினர். வாழ்க்கை முறையை மாற்றியோரில் இது 39.3 விழுக்காடு, மெட்பார்மின் பெற்றோரில் 40.5 விழுக்காடு. இவர்கள் மனநோயாளிகள் அல்லர். எனினும் நம் மக்களிடையே சிறிய அளவு மெட்பார்மின் பலன் தருவதற்கு இது சான்று.

புதிய மருந்துகளில் லிராகுளூடைடு குறிப்பிடத்தக்கது. குளோசபின் அல்லது ஒலான்சபின் உட்கொண்டு, எடையும் சர்க்கரையும் கூடிய 103 பேரிடம் டென்மார்க்கில் இது சோதிக்கப்பட்டு 2017இல் முடிவு வெளிவந்தது. 16 வாரங்களில் மருந்து பெற்றோரில் 63.8 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. போலி மருந்து பெற்றோரில் இது 16 விழுக்காடே. ஆனால் இது ஊசி மருந்து. மெட்பார்மினைவிடப் பன்மடங்கு விலை உயர்ந்தது.

மனத்துக்கே மருந்தாகுமா?

உடலைக் காப்பது ஒன்று. மனச்சிதைவையே தீர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். இந்நோயின் குறிகளை மூவகையாகப் பகுப்பர். இல்லாத குரல் கேட்டல், ஆதாரமற்ற ஐயம் முதலியன முதல் வகை. பேச்சும் ஊக்கமும் குன்றி ஒடுங்குதல் இரண்டாம் வகை. நினைவும் கவனமும் குறைதல் மூன்றாம் வகை. தற்போதுள்ள மருந்துகள் முதல் வகையைப் பெரிதும் அடக்குகின்றன. மற்ற இரண்டையும் மிகச் சிறிதே தொடுகின்றன. ஆனால் ஒருவர் மீண்டும் வேலைக்குச் செல்வதைத் தடுப்பவை பெரும்பாலும் இவ்விரண்டே. இங்கேதான் நீரிழிவு மருந்துகள் மீது நம்பிக்கை பிறக்கிறது. இன்சுலினை ஏற்கும் அமைப்புகள் மூளையிலும் உள்ளன. மூளை தன் எரிபொருளைப் பயன்படுத்துவதில் நேரும் குறைபாடு நினைவையும் ஊக்கத்தையும் பாதிக்கக்கூடும் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

கருத்து வேறு, ஆதாரம் வேறு. பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து ஒடுக்கக் குறிகளைச் சற்றுக் குறைத்ததாகச் சிறு ஆய்வு ஒன்று தெரிவித்தது. அதில் பங்கேற்றோர் சில பத்துப் பேரே. லிராகுளூடைடின் இனத்தைச் சேர்ந்த எக்சனடைடு, நினைவாற்றலை மேம்படுத்துமா என்று டென்மார்க்கில் சோதிக்கப்பட்டபோது பயன் எதுவும் தெரியவில்லை. எனவே, நீரிழிவு மருந்து மனச்சிதைவைக் குணப்படுத்தும் என்று இன்று எவரும் கூற இயலாது. மனநோய் மருந்தை நிறுத்திவிட்டு இதை உட்கொள்ளலாம் என்று எவரேனும் அறிவுறுத்தினால் அது தீங்கான அறிவுரை.

பழைய மருந்தாயினும் தீமை இல்லாததன்று. மெட்பார்மினை நெடுநாள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையலாம்; சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இது ஏற்றதன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்பார்மின், இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டி உயிரிழப்பை உண்டாக்கியதால் 1970களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. பயோகிளிட்டசோன் விற்பனையை இந்திய அரசு 2013 ஜூனில் நிறுத்தி வைத்து, மறுமாதமே எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் அனுமதித்தது. பயனையும் அபாயத்தையும் எடைபோடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சந்தை செய்யாத பணி

மெட்பார்மின் மனச்சிதைவு நோய்க்கு எவ்வளவு உதவும் என்பது ஏன் இன்னும் தெளிவாகவில்லை? இதற்கு விடை பொருளாதாரத்தில் உள்ளது. புதிய மருந்தைச் சோதிக்கும் நிறுவனம், காப்புரிமைக் காலத்தில் செலவைத் திரும்பப் பெறுகிறது. காப்புரிமை முடிந்த மலிவான மருந்தின் புதிய பயனை ஒரு நிறுவனம் பெருஞ்செலவில் மெய்ப்பித்தால், மறுநாளே மற்ற நிறுவனங்கள் அனைத்தும் அப்பயனை அனுபவிக்கும். ஆகவே எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. கலங்கரை விளக்கத்தைத் தனிக் கப்பல்காரர் கட்டாதது போன்றது இது. விலை மலிவு என்பதே ஆய்வுக்குத் தடையாகிறது.

இதன் விளைவு இருவகைத் தீங்கு. பயனுள்ள மலிவு மருந்து நிரூபிக்கப்படாமலே கிடக்கிறது. விலையுயர்ந்த மருந்து மட்டுமே ஆதாரத்துடன் முன்னிற்கிறது. நோயாளியின் குடும்பமோ வருமானம் ஈட்டும் ஒருவரை நோய்க்குப் பறிகொடுத்து, அவரைக் கவனிக்க மற்றொருவரையும் வீட்டில் நிறுத்தியிருக்கிறது. அக்குடும்பத்திற்கு மாதந்தோறும் வாங்கத்தக்கது எளிய மாத்திரையே. எனவே இவ்வகை ஆய்வு, பாசனத்தையும் சாலையையும் போலப் பொதுப்பணத்தில் நடைபெற வேண்டிய பணியாகும்.

சட்டமும் இதற்கு வழி விட்டுள்ளது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏற்கனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கு விற்க வேண்டுமாயின் மீண்டும் அனுமதி தேவை. ஆனால் விற்பனை நோக்கமின்றிக் கல்வி, ஆராய்ச்சிக்காக நடைபெறும் சோதனை, அறநெறிக் குழுவின் ஒப்புதலுடன் தொடங்கலாம். மருத்துவக் கல்லூரிகள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நெய்யாற்றின்கரை காட்டும் வழி

கிராமப்புறத்தில் இத்தகைய சோதனைகளை முறையாக நடத்த இயலுமா என்ற ஐயத்திற்கு, காஞ்சிரங்குளம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டமே விடை அளித்துள்ளது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக அறிஞர்களும் இணைந்து, கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வை இவ்வட்டத்தில் 2013இல் தொடங்கினர். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் தெரிவு செய்யப்பட்டன. வாக்காளர் பட்டியலைக் கொண்டு மக்களை அணுகி, நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப் பகுதிகளில் ஓராண்டில் 15 குழு அமர்வுகள் நடைபெற்றன. பெரும்பாலான அமர்வுகளை நடத்தியவர்கள் அவ்வூர் மக்களே. மற்றப் பகுதியினர் அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றனர்.

இரண்டு ஆண்டுகளில், குழு அமர்வு பெற்றோரில் 14.9 விழுக்காட்டினரும் பெறாதோரில் 17.1 விழுக்காட்டினரும் நீரிழிவு நோய்க்கு ஆளாயினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒளிவுமறைவின்றி 2018இல் வெளியிட்டனர். மதுவின் பயன்பாடு குறைந்ததும், காய்கனி உண்பது கூடியதும் தெளிவாகத் தெரிந்தன. எதிர்பார்த்த வெற்றி முழுமையாகக் கிட்டவில்லை என்பதை வெளியிடும் நேர்மையே இன்சுலின் காலத்தில் இல்லாது போனது. கிராம மக்கள் ஆண்டுக்கணக்கில் ஆய்வில் நிலைத்து நிற்பர் என்பதையும் இது மெய்ப்பித்தது.

மனச்சிதைவு நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவாதலால் ஒரு வட்டம் போதாது. பல மாவட்டங்கள் இணைதல் வேண்டும். 1996இல் திருச்சி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இதற்கு அடித்தளம் ஆகலாம். நீண்டகாலத் தொடர் ஆய்வில் அனுபவம் மிக்க சென்னை மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது, நம் மண்ணிலேயே உள்ளது. எல்லையின் இருபுறமும் உள்ள மருத்துவக் கல்லூரிகள் கைகோக்குமாயின் மொழியும் தடையாகாது. நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருத்தல் வேண்டும். சம்மதம் தரும் நிலையில் இல்லாதவருக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ள காப்புகளைச் சிறிதும் தளர்த்தலாகாது.

உடனடியாகச் செய்யத்தக்கவை

ஆய்வின் முடிவுக்குக் காத்திராமல் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. மனநோய் மருந்து தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும் எடையும், மூன்றாம் மாத முடிவில் சர்க்கரையும், பின்னர் ஆண்டுதோறும் சர்க்கரையும் பார்த்தல் வேண்டும். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2004இலேயே கூடி வகுத்த இம்முறைக்குத் தேவையானவை ஓர் எடைக்கருவியும் ஓர் அளவு நாடாவும் எளிய இரத்தப் பரிசோதனையுமே. எடை ஏறத் தொடங்கியதும் உணவு, உடற்பயிற்சி பற்றிய வழிகாட்டலும், மருத்துவர் தக்கதெனக் கருதினால் மெட்பார்மினும் வழங்கலாம்.

சமூக நல மையங்கள் முதலாக அரசு நடத்தும் மருத்துவ நிலையங்களில், இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை அனைத்தும் மனநோயாளிகளுக்கு எந்நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மெட்பார்மின் அப்பட்டியலில் உள்ள மருந்து. தமிழகத்தில் 1994இலும் கேரளத்தில் 2007இலும் அமைந்த மருத்துவப் பணிகள் கழகங்கள் இதை மொத்தமாக வாங்கி வருகின்றன. ஆகவே பெரும் புதுச் செலவு எதுவும் தேவையில்லை. நீரிழிவுப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே நோயாளியின் இரண்டு பதிவேடுகளை ஒன்றாக நோக்கினாலே போதும்.

மனநோயாளியின் உடல்நலம் எவருடைய பொறுப்பும் அன்று என்ற நிலை நீங்குதல் வேண்டும். பயன் இருப்பதாகத் தோன்றும் மருந்தை முறையாகச் சோதித்து, சோதனையின் முடிவு இனிப்பாயினும் கசப்பாயினும் மக்கள் முன் வைப்பது அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றத் தேவையான மருந்தும் சட்டமும் மருத்துவ நிறுவனங்களும் நம்மிடம் உள்ளன. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதன் செலவையும் பயனையும் கணக்கிட முன்வருவார்களாக; நலத்துறை அலுவலர்கள் மனநலப் பிரிவில் ஓர் எடைக்கருவியை வைப்பதிலிருந்து தொடங்குவார்களாக.